வாய் தைத்த பன்னிரண்டு பைகள்

கோட்டு தைக்கிற கம்பெனியில் என் அண்ணி ஒன்பது வருஷமாகப் பாக்கெட் மட்டும்தான் தைக்கிறாள். காலர் வேறொருத்தி, கை வேறொருத்தி. முழுக் கோட்டும் கடைசி மேஜையில் என்னிடம்தான் வந்து சேரும். நான் செக்கிங். குற்றம் கண்டுபிடிக்கச் சம்பளம்! நாத்தனாருக்கு இதைவிடப் பொருத்தமான வேலை உண்டா? என்னைவிட இரண்டு வயது இளையவள் அண்ணி. அதனால் எங்களுக்குள் வாடி போடியும் உண்டு.

சாம்பிள் ரூமில் ஓர் இடம் காலியானது. அங்கே ஒரே ஆள் வெட்டி, தைத்து, முழு உருப்படியாக முடிக்க வேண்டும். அண்ணி போய்க் கேட்டாள்.

"பாக்கெட் தைச்சவளுக்கு முழுசா என்னம்மா தெரியும்?" என்றார் மாஸ்டர். "நீயே வெட்டித் தைச்சது ஏதாவது ஒண்ணு திங்கக்கிழமை கொண்டா, பாக்கலாம்."

வீட்டுக்கு வந்ததும் அண்ணி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "காலர் வைக்கத் தெரியாது, கை மாட்டத் தெரியாது. என்னத்தடி கொண்டு போறது? இது போச்சுன்னா நான் ஆயுசுக்கும் பாக்கெட்தான்."

அந்த நேரம் பார்த்து அடுக்களையில் அண்ணன் டிராயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். கரண்டி, லைட்டர், கத்தரி, தோல் சீவுகிறது எல்லாம் அந்த ஒரே டிராயரில்தான். உள்ளே ஒரு கரண்டி குறுக்கே விழுந்தால் திறக்கவே திறக்காது. அண்ணன் பலமாக இழுத்தான். கைப்பிடி கையோடு வந்துவிட்டது.

"பாக்கெட்தானே தெரியும்? அதையே தைச்சு சுவத்துல மாட்டுடி," என்றேன். "கரண்டிக்கு ஒண்ணு, கத்தரிக்கு ஒண்ணு, உன் வீட்டுக்காரர் வாய்க்கு ஒண்ணு."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வேலை ஆரம்பமானது. பைகளுக்குப் பழைய தலையணை உறைகள் இருந்தன. பின்பக்கத்துக்குத்தான் தடித்த துணி இல்லை. கொடியில் அண்ணனுடைய காக்கி பேன்ட் காய்ந்துகொண்டிருந்தது. அண்ணி என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

கொஞ்ச நேரத்தில் அண்ணன் எட்டிப் பார்த்தான். "என் பேன்ட்ட யாராவது பாத்தீங்களா?"

"காத்துல எங்கயாவது போயிருக்கும்ணா," என்றேன், வெட்டின பேன்ட் காலை மடியில் சுருட்டிக்கொண்டு. எனக்கு மனசாட்சி கொஞ்சம் கம்மி.

அண்ணி ஒவ்வொரு சாமானையும் துணிமேல் வைத்து, சாக்கட்டியால் சுற்றிக் கோடு போட்டு, விரலளவு கூட்டி வெட்டினாள். வரிசைக்கு நாலாக மூன்று வரிசை. கனமானவை கீழே. மேலே கம்பி நுழைக்க ஒரு மடிப்பு. முடித்ததும் என் மடியில் போட்டாள்.

"செக் பண்ணுடி. அண்ணின்னு பாக்காத."

எதற்குப் பார்க்கப் போகிறேன்? மூலைகளை இழுத்தேன், தையலை எண்ணினேன், கோணலாயிருந்த ஒரு பையைப் பிரித்துத் தைக்கச் சொன்னேன். கடைசியில் பெரிய மனசு பண்ணி ஓகே சொன்னேன்.

திங்கட்கிழமை, நாலு கோட்டைத் தூக்கிக்கொண்டு கொடுக்கிற சாக்கில் நானும் சாம்பிள் ரூமுக்குள் போய் நின்றேன். மாஸ்டர் அண்ணி தைத்த பைத் தொங்கலை மேஜைமேல் விரித்தார். புரட்டினார். "ம்" என்றார். தன் கத்தரியை எடுத்துக் கரண்டிப் பைக்குள் விட்டார். போகவில்லை. அடுத்ததில் விட்டார். அதிலும் போகவில்லை. குனிந்து பார்த்தார்.

"என்னம்மா இது, எல்லாத்துக்கும் வாயைத் தைச்சு வச்சிருக்க?"

ஐயோ! கடையில் தொங்கும்போது தொளதொளக்கக் கூடாதென்று கோட்டுப் பாக்கெட்டின் வாயை ஓட்டுத் தையலால் மூடித்தான் அனுப்புவோம். வாங்கினவர் பிரித்துக்கொள்வார். அண்ணியின் கை பழக்க தோஷத்தில் பன்னிரண்டையும் மூடிவிட்டது. அவளாவது தைத்தவள். ஒவ்வொரு வாயும் ஒழுங்காக மூடியிருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து ஓகே சொன்ன என்னை எதால் அடிப்பது?

"செக்கிங் யாரு?" என்றார் மாஸ்டர். அறையே சிரித்தது. நான் கோட்டுகளுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

அண்ணி அசரவில்லை. "புதுசுன்னா அப்படித்தான் சார் இருக்கும். அந்த நுனியைப் பிடிச்சு இழுங்க."

இழுத்தார். நூல் சர்ரென்று ஒரே இழுப்பில் வந்தது. துணியில் ஒரு சுருக்கமில்லை. மனுஷருக்குக் குஷி வந்துவிட்டது. பன்னிரண்டையும் அவரே உருவினார். கத்தரி பிடிவரைக்கும் போய் உட்கார்ந்தது. டேப், சாக்கட்டி, ஊசி டப்பா என்று ஒவ்வொன்றாக உள்ளே போட்டார்.

பார்த்துக்கொண்டே நின்ற அண்ணிக்குக் கண் கலங்கிவிட்டது. "ஒன்பது வருஷமா மூடி மூடி அனுப்பறேன் சார். உள்ள ஒருத்தர் ஒண்ணு வச்சு இன்னிக்குத்தான் பாக்கறேன்."

மாஸ்டர் காலியாயிருந்த மிஷினைக் காட்டினார். "நாளையிலேருந்து இங்க வந்து உக்காரு," என்றார். சொல்லிக்கொண்டே தொங்கலைத் தன் சுவர் ஆணியில் மாட்டப் போனார்.

அண்ணி குறுக்கே வந்து அதைப் பிடித்தாள். கத்தரியையும் டேப்பையும் ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"உங்களுக்கு நாளைக்கு ஒண்ணு தைச்சுத் தரேன் சார்," என்றாள். "இது நானே முழுசா தைச்ச முதல் உருப்படி."