அழும்போது மட்டும் மூச்சு விட்ட மகள்

பெக்கோக் அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் என் கணவர் கணக்கெழுதும் கிராணியாக வேலை பார்க்கிறார். போன ஆண்டு எங்களுக்குத் தலைப்பிள்ளையாக ஒரு பெண் பிறந்தாள். அழும்போது செக்கச்செவேல் என்று இருப்பாள். அழுகை ஓய்ந்து வாயை மூடினால் உதடு நீலம் பூத்துவிடும். பால் குடிக்கும்போதும் திணறுவாள்.

"அழவிடாத தங்கச்சி, மாரைக் குடு" என்றார் பிரசவம் பார்த்த, தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் இருக்கும் அக்கா. அமர்த்த அமர்த்த இன்னும் மோசமானாள்.

பயந்துபோய் ரயிலேறி ஜொகூர் பாரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் அவள் மூக்கின் முன்னே ஒரு பஞ்சிழையைப் பிடித்தார். அது அசையவே இல்லை. மெல்லிய ரப்பர் குழாயும் உள்ளே போகவில்லை.

"மூக்குக்குப் பின்னால ரெண்டு பக்கமும் எலும்பு அடைச்சிருக்கும்மா. வாயால மூச்சு விட இந்த வயசுல தெரியாது. அழும்போதுதான் காத்து போகுது."

"திறக்க முடியாதுங்களா?" என்று என் கணவர் கேட்டார்.

"பார்க்கலாம். ஆனா பிள்ளை ரொம்பக் களைச்சுப்போச்சு."

வாயில் குழாய் வைத்து ஒட்டினார்கள். மறுநாள் மத்தியானம் என் மடியிலேயே அவள் மூச்சு அடங்கிவிட்டது.

இப்போது லயத்தில் எந்தப் பிள்ளை பிறந்தாலும் பஞ்சோடு போய் நிற்கிறேன். இதுவரை எல்லாப் பிள்ளைக்கும் பஞ்சு ஆடியிருக்கிறது. "நல்லா இருக்கு" என்று தாயிடம் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொள்கிறேன்.