வீட்டு வண்டியின் கழிவுத் தொட்டி

எனக்கு மூக்கு நுனியில் கோபம். நர்ஸ் வேலைக்கு அது ஆகாது என்று சொல்லாத ஆள் இல்லை. சொல்லிவிட்டுப் போகட்டும். அந்தக் கோபம் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால், கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்குப் போய்வந்த எங்கள் மருத்துவ வண்டியின் கக்கூஸை வெல்டிங் பட்டறையில் கழற்றிக் கடாசியிருப்பார்கள்.

மருத்துவ வண்டி என்று நாங்கள்தான் சொல்லிக்கொண்டோம். உண்மையில் அது வீட்டு வண்டி. வெளிநாட்டுக்காரர் யாரோ ஊர் சுற்றிப் பார்க்க ஓட்டிவந்து, திரும்பிப் போகும்போது எங்கள் தர்ம ஆஸ்பத்திரிக்குக் கொடுத்துவிட்டுப் போனது. ஸ்டியரிங் இடது பக்கம் இருக்கும். உள்ளே ஒரு படுக்கை, பாத்திரம் கழுவும் தொட்டி, மூலையில் கதவு வைத்த குட்டிக் கக்கூஸ். கழுவுகிற தண்ணீர், கக்கூஸ் தண்ணீர் இரண்டும் வண்டிக்கு அடியில் இருந்த ஒரே பிளாஸ்டிக் தொட்டிக்குப் போய்ச் சேரும். அதைத் திறந்துவிட பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு பிடி. இழுத்தால் திறக்கும், தள்ளினால் மூடும். உள்ளே சுவரில் மூன்று பொட்டு விளக்குகள். பச்சை என்றால் தொட்டி காலி, மஞ்சள் என்றால் பாதி, சிவப்பு என்றால் நிரம்பிவிட்டது.

அந்த வண்டி வருவதற்கு முன்னால் ஜீப்பில் போய்க்கொண்டிருந்தோம். போகிறவர்களில் நான் ஒருத்திதான் பெண்பிள்ளை. ஆண்களுக்கென்ன, புளியமரம் ஒவ்வொன்றும் அவர்களுடையதுதான். நான் முகாமுக்கு முதல் நாளே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவேன். போதாததற்கு, இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்த வருஷங்கள் அவை. எந்த ரோட்டில் எப்போது மரத்தை வெட்டிப் போடுவார்கள் என்று தெரியாது. போன இடத்தில் மாட்டிக்கொண்டால் பொழுதுக்கும் அப்படியே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். மலைப் பெண்களுக்கு "நெறைய தண்ணி குடிங்கம்மா" என்று புத்தி சொல்லிவிட்டு வந்து, நீர்க்கடுப்பில் நானே எங்கள் ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடந்திருக்கிறேன். அதனால் அந்த வண்டி வந்த அன்றைக்கு எல்லாரும் ஸ்டியரிங்கைப் பார்த்து அதிசயப்பட்டபோது, நான் அந்தக் குட்டிக் கதவைத் திறந்து பார்த்துக் கண் கலங்கிப் போனேன்.

நாலைந்து மாதம் நன்றாகத்தான் ஓடியது. பிறகு சிவப்பு விளக்கு எரிய ஆரம்பித்தது. எரிந்தது எரிந்ததுதான், அணையவே இல்லை. கழுவும் தொட்டியில் தண்ணீர் ஊற்றினால் கடகடவென்று சத்தம் போட்டுத் திரும்பி மேலே வந்தது. நாற்றமோ, ஐயோ, சொல்லி முடியாது.

டிரைவர் அண்ணன் விளக்கை ஒரு தட்டுத் தட்டி, "ஒயர் கோளாறு சிஸ்டரு, வெளிநாட்டு ஒயரு நம்ம ஊரு வெயிலு தாங்காது" என்று முடித்துவிட்டார். ஆஸ்பத்திரி மேனேஜர் ஒரு டின் பினாயிலை வாங்கி அப்படியே உள்ளே கவிழ்க்கச் சொன்னார். அன்றைக்கு நாற்றம் பினாயிலோடு சேர்ந்து புது அவதாரம் எடுத்தது. முகாமுக்கு வந்த ஒரு கிழவர் படி ஏறிய வேகத்தில் இறங்கி, "எனுக்கு இருமலே தேவலாம்" என்று போய்விட்டார்.

திங்கட்கிழமை மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"இனிமே முடியாது சிஸ்டர். வெள்ளிக்கிழமை வெள்ளிமலை முகாம் முடியட்டும். சனிக்கிழமை வண்டிய பட்டறைக்கு அனுப்பி அத எடுத்துடலாம். அந்த எடத்துல மருந்து அலமாரி வெச்சிக்கலாம்."

"அப்ப நான் எங்க சார் போவேன்?"

அவர் ஃபைலைப் புரட்டிக்கொண்டே, "முன்ன எப்டி போனீங்களோ அப்டித்தான்" என்றார்.

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. "முன்ன எப்டிப் போனேன்னு உங்குளுக்குத் தெரியுமா சார்?" என்று கேட்டேன். அவர் தலையே நிமிரவில்லை. "வெள்ளிக்கிழமைக்குள்ள நானே சரி பண்ணிக் காட்டுறேன். நீங்களும் வண்டியில வந்து பாருங்க" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வந்த பிறகுதான், எனக்கு ஊசி போடத் தெரியும், தொட்டியைப் பற்றி என்ன தெரியும் என்ற யோசனையே வந்தது.

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தேன். பிடி வெளியே இழுத்தபடி இருந்தது. அடியில் சொட்டுச் சொட்டாக ஈரம். டிரைவர் அண்ணனைக் கூப்பிட்டேன்.

"இது ஏண்ணே தெறந்திருக்குது?"

"அது எப்பவும் தெறந்துதான் இருக்கும்."

"எப்பவுமா?"

"பின்ன இன்னா சிஸ்டரு? முன்னாடி சாமி படம் மாட்டி, எலுமிச்சம்பழம் கட்டி, தெனம் சூடம் காட்டுறேன். பின்னாடி அந்தக் கருமத்தச் சுமந்துகினு போறதா? சாமிக்கு ஆவுமா? அதான் போற வழியில சொட்டிக்கினே போவட்டும்னு வுட்டுட்டேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவருடைய நரைத்த மீசைகூட என் கண்ணுக்குத் தெரியவில்லை. "தண்ணி சொட்டிப் போயிடும். மத்தது எங்கண்ணே போவும்? உங்க வூட்டுக்கா? தண்ணியில்லாம அப்டியே உள்ள குந்திக்கினு காஞ்சி கெட்டியாயிடாதா? போதாக்கொறைக்கு ரோடெல்லாம் இதச் சொட்ட வுட்டுக்கினு, நாம மலைக்குச் சுகாதாரம் சொல்லித் தரப் போறோமாம்!"

அவர் தலையைச் சொறிந்தார். "சாமிக்காகப் பண்ணது சிஸ்டரு" என்றார் பரிதாபமாக. நீளமான மூங்கில் குச்சி ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி கக்கூஸ் வழியாக உள்ளே விட்டுப் பார்த்தேன். டொக் என்று முட்டியது. தண்ணீர் ஊற்றிக் குத்திப் பார்த்தோம், குச்சிதான் முறிந்தது. ஆளைக் கூப்பிடலாம் என்றார் அண்ணன். காலங்காலமாக எந்த ஆளைக் கூப்பிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். "நம்ம பண்ணத நாமதான் எடுக்கணும்" என்று சொல்லிவிட்டேன்.

புதன்கிழமை சாயந்தரம் வீட்டில் எண்ணெய்ப் புட்டி கழுவிக்கொண்டிருந்தேன். கழுத்து ஒடுங்கின புட்டியில் கை நுழையாது. பிடி அரிசியும் தண்ணீரும் போட்டு, வாயைப் பொத்திக்கொண்டு குலுக்குவேன், பளிச்சென்று ஆகிவிடும். குலுக்கிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. தொட்டியும் கழுத்து ஒடுங்கின புட்டிதானே! அரிசி போட்டால் ஊறிச் சோறாகும். கல் போட்டால் வெளியே வராது. சொரசொரப்பாகவும் இருக்க வேண்டும், வேலை முடிந்ததும் கரைந்தும் போக வேண்டும். அடுப்படியில் உப்புப் பானை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. குலுக்குவதற்கு யார் என்றால், வெள்ளிமலைக்கு ஏறுகிற வளைவு ரோடு எதற்கு இருக்கிறது?

வெள்ளிக்கிழமை காலையில் அரை மூட்டை கல்லுப்பை கக்கூஸ் வழியாகக் கொட்டினேன். "இன்னா சிஸ்டரு, ஊறுகா போடுறீங்களா?" என்றார் அண்ணன். பிடியை நானே தள்ளி மூடி, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினோம். அண்ணன் அன்றைக்கு இரண்டு எலுமிச்சம்பழம் அதிகமாகக் கட்டி, சாமியிடம் ஏதோ முணுமுணுத்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். டாக்டர் புத்திசாலி, தன்னுடைய மோட்டார் சைக்கிளில் முன்னாலேயே போய்விட்டார்.

மேனேஜர் கைக்குட்டையால் மூக்கைக் கட்டிக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தார். நம் ஊர் வண்டியில் டிரைவர் உட்காருகிற பக்கம் அது. கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறும்போது எதிரே வந்த லாரிக்காரன், அவர்தான் ஓட்டுகிறார் என்று நினைத்து, "மூஞ்ச மூடிக்கினு வண்டி ஓட்டுறான் பாரு!" என்று திட்டிவிட்டுப் போனான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஒவ்வொரு வளைவிலும் அடியில் தளக், தளக் என்று சத்தம். பாதி மலை ஏறிய பிறகு தளக் கொஞ்சம் கனமாகக் கேட்டது. ஏதோ பெயர்ந்துவிட்டது! நான் பின்னால் நின்றுகொண்டு, "அண்ணே, இன்னும் கொஞ்சம் ஒடிச்சித் திருப்புங்க" என்று கத்தினேன். மேனேஜர் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார்.

வெள்ளிமலையில் ஓடையிலிருந்து தள்ளி மேட்டில் கொல்லை வைத்திருந்த ஒருவர், "எங்க கொல்லையில குழி வெட்டிக்கிங்க, எருவாவது ஆவும்" என்று இடம் கொடுத்தார். இடுப்பளவு குழி வெட்டி, தடித்த குழாயை மாட்டினோம். அண்ணன் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு பிடியை இழுத்தார். ஒன்றும் வரவில்லை. இன்னொரு இழுப்பு. ஒரு பெரிய ஏப்பம் மாதிரி சத்தம் கேட்டது, பிறகு கொட்டியது பாருங்கள், அண்ணன் துள்ளிக் குதித்த குதிப்பில் துண்டு குழிக்குள் விழுந்தது.

கடைசியில் கறுத்த உருண்டைகள் சில உருண்டு வந்து விழுந்தன. அண்ணன் குச்சியால் ஒன்றைப் புரட்டினார்.

"சிஸ்டரு, இது இன்னாது?"

பார்த்தேன். எனக்கு முகம் செத்துப்போனது. அது தேங்காய் நார். முகாமில் சாப்பிட்ட பாத்திரங்களை வேறு யாரையும் கழுவ விடமாட்டேன். சோப்புப் பவுடர் ஆஸ்பத்திரியிலேயே கொடுத்தார்கள், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வீட்டிலிருந்து அடுப்புச் சாம்பலும் தேங்காய் நாரும் கொண்டுபோய்ப் பளபளவென்று தேய்த்து, எல்லாவற்றையும் அந்தத் தொட்டியிலேயே ஊற்றி வந்திருக்கிறேன். சாம்பலும் பாத்திரத்துக் கஞ்சியும் சேர்ந்து உள்ளே சிமெண்டு போட்டிருக்கிறது. தொட்டிக்குள் விளக்குக்காக இருந்த கம்பிகளின்மேல் அது அப்பிக்கொண்டதால்தான், உள்ளே என்ன இருந்தாலும் இல்லாவிட்டாலும் சிவப்பே எரிந்திருக்கிறது.

"என்ன அந்தத் திட்டுத் திட்டுனீங்களே!" என்று அண்ணன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். "நான் சாமிக்குப் பண்ணேன். நீங்க யாருக்குப் பண்ணீங்க?"

"சரி சரி, ரெண்டு பேருந்தான்" என்றேன். வேறென்ன சொல்ல?

முகாம் முடிந்ததும் இன்னும் இரண்டு தரம் தண்ணீர் விட்டுக் கழுவி, குழியை மண் போட்டு மூடினோம். பிடியை மூடிவிட்டு உள்ளே ஓடிப்போய்ப் பார்த்தேன். சிவப்பு அணைந்து, மஞ்சள் ஒரு மினுக்கு மினுக்கி, பச்சை எரிந்தது. நான் போட்ட கூச்சலில் டாக்டர் பதறிக்கொண்டு வந்தார். மேனேஜர் எட்டிப் பார்த்து, "நாத்தம் போச்சு, சரி. ஆனா ஒருத்தருக்காக இவ்ளோ ரோதனையா சிஸ்டர்? பட்டறைக்காரனுக்குச் சொல்லியாச்சு. நாளைக்கு வண்டி போவட்டும்" என்றார். என் சந்தோஷமெல்லாம் அப்படியே வற்றிப்போனது. வாளிகளைத் தூக்கி வண்டிக்குள் வைத்தேன்.

மலை இறங்கி வடக்கனந்தல் வருவதற்குள் வண்டி நின்றது. ரோட்டில் குறுக்கே புளியமரம். அதற்கு முன்னால் பஸ்களும் மாட்டு வண்டிகளும் வரிசையாக நின்றன. மரத்தின்மேல் உட்கார்ந்திருந்த பையன்கள் எங்கள் வண்டியின் செஞ்சிலுவையைப் பார்த்து எழுந்து வந்தார்கள். "ஆஸ்பத்திரி வண்டிய வுட்டுடலாம், மரத்த இன்னா பண்றது? ஆள வெச்சி அறுக்கணும், ரெண்டு மூணு மணி நேரம் ஆவும்" என்று அவர்களே வருத்தப்பட்டார்கள். அவர்கள் கேட்டதில் நியாயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். எங்கள் தெருவிலேயே பாதிப் பேர் போராட்டத்தில்தான் இருந்தார்கள்.

வெயில் கொளுத்தியது. பஸ்ஸிலிருந்த ஆண்கள் இறங்கிக் கொல்லைப் பக்கம் போய்வந்தார்கள். பெண்கள் இறங்கவில்லை. ஒரு கர்ப்பிணி மட்டும் இறங்கி, மெதுவாக எங்கள் வண்டிக்கு வந்தாள். வியர்த்துக் கொட்டியிருந்தது. என் காதருகே குனிந்து, "அக்கா, ஆத்திர அவசரம். சுத்தியும் ஆம்பளைங்க. எங்க போறதுன்னு தெரியல" என்றாள். குட்டிக் கதவைத் திறந்துவிட்டேன்.

அவ்வளவுதான். அவள் போய்ச் சொன்னாளோ, அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார்களோ, ஒவ்வொரு பஸ்ஸிலிருந்தும் பெண்கள் இறங்கி வந்தார்கள். டீச்சர் ஒருவர், கைக்குழந்தைக்காரிகள், தடி ஊன்றின ஒரு பாட்டி. வரிசை மேனேஜர் உட்கார்ந்திருந்த ஜன்னல் வரைக்கும் நீண்டது. டிரைவர் அண்ணன் படியருகே நின்று, "ஒவ்வொருத்தரா வாங்க. கதவ நல்லா இஸ்து சாத்துங்க. பிடிய நான் மூடிதான் வெச்சிக்கீறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மரத்தை வெட்டிப் போட்டவர்களின் வீட்டுப் பெண்களே பம்புசெட்டிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். கொண்டுவந்தவர்களில் சிலர் வரிசையிலும் நின்றுகொண்டார்கள். மஞ்சள் விளக்கு எரிய ஆரம்பித்தது.

கடைசியில் அந்தப் பாட்டி வெளியே வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "விடிகாலையில வூட்ட வுட்டுக் கெளம்புனது கண்ணு. உசுரு வந்துது. இந்த வண்டி எப்பவும் இந்த ரோட்டுல வருமா?"

நாளைக்குப் பட்டறைக்குப் போகப் போகிற வண்டியைப் பற்றி அவளுக்கு என்ன பதில் சொல்ல?

"வரும்மா. வாரா வாரம் வரும்" என்று குரல் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். மேனேஜர். மூக்கில் கட்டியிருந்த கைக்குட்டையை எப்போதோ அவிழ்த்துவிட்டிருந்தார்.

பாட்டி போனபிறகு அவர் என் முகத்தைப் பார்க்காமல், வரிசை நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"எங்க வூட்டம்மாவும் பஸ்ஸுல ஏறுனா ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டா. கேட்டா, எனுக்குத் தாகமே எடுக்காதும்பா. இத்தினி வருசமா நானும் அதையே நம்பிக்கினு இருந்துட்டேன் சிஸ்டர்."