ஓரிரு இடங்களில்

எங்கள் தெருவில் வானிலை அறிக்கை கேட்பதற்கென்றே ஓர் ஆள் இருந்தார். என் சித்தப்பா. சாயங்காலம் ஆனால் கறுப்பு சிவப்புக் கரை போட்ட துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பஞ்சாயத்து ரேடியோவுக்குக் கீழே போய் நிற்பார். செய்தி முடிந்து வானிலை ஆரம்பித்ததும் கையைத் தூக்கிச் சுற்றியிருப்பவர்களை அடக்குவார். மந்திரிசபையே அவரைக் கேட்டுத்தான் மழையைத் திறந்துவிடுகிறது என்கிற தோரணை. பிறகு வீட்டுக்கு வந்து, ரேடியோக்காரர் குரலிலேயே ஒரு வார்த்தை பிசகாமல் ஒப்பிப்பார். அந்தக் குரலைக் கேட்டால் யாருக்கும் நம்பத்தான் தோன்றும். நாங்களும் நம்பினோம். அந்த ஒரு தடவை, வீடே கையை விட்டுப் போகப் பார்த்தது.

எனக்கு அப்போது எட்டு வயது. கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. ஆற்றில் தண்ணீர் இருந்த ஞாபகமே எங்களுக்குப் போய்விட்டது. வயல் வெடிப்பில் என் கால் முழங்கால் வரை இறங்கும். மத்தியானத்தில் தெருவில் நாய்கூட நடக்காது. திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, பண்ணைக்குச் சொந்தமான மேட்டில் எங்கள் தெரு இருந்தது. சுவர் எங்களுடையது, கூரை எங்களுடையது, அடியில் இருந்த மண் மட்டும் பண்ணையுடையது. கூலித் தகராறில் அப்பா சங்கத்தோடு நின்றதிலிருந்து பண்ணைக்கு அவரைக் கண்டாலே ஆகாது.

குடியிருப்பவருக்கே மனை சொந்தம் என்று அந்தச் சமயத்தில்தான் சட்டம் வந்திருந்தது. ரெவின்யூ இன்ஸ்பெக்டர் நேரில் வந்து, வீட்டில் ஆள் குடியிருப்பதைக் கண்ணால் பார்த்து எழுதிக்கொண்டு போவார். அப்புறம் பட்டா கிடைக்கும். தெருவில் மற்ற வீடுகளை எழுதி முடித்தாயிற்று. எங்கள் வீட்டை மட்டும் பண்ணைக் காரியஸ்தர் மறித்துவிட்டார். அது வீடே இல்லை, பண்ணையின் மாட்டுக் கொட்டகை, அதில் யாரும் குடியில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார், மகராசன். அதனால் இன்ஸ்பெக்டர் எங்கள் வீட்டைப் பார்க்க மட்டும் வெள்ளிக்கிழமை காலையில் மறுபடி வருவதாகச் சொல்லியிருந்தார்.

மாட்டுக் கொட்டகை என்ற சொல்லைக் கேட்டதும் அம்மாவுக்கு வந்த கோபம் இருக்கிறதே! இரண்டு நாள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் பேசினாள்.

"பழைய கூரையப் பிரிச்சுட்டு புதுக் கீத்துப் போட்டு மேஞ்சுடுவோம். வீடு பளபளன்னு நிக்கணும். அப்புறம் எவன் கொட்டாய்ங்கிறான்னு பாக்குறேன்."

"மழை கிழை வந்துட்டா?" என்றார் அப்பா.

சித்தப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு ரேடியோவாக மாறினார். "உள் மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடும். ஏனைய இடங்களில் வறண்ட வானிலையே நிலவும்."

"ஓரிரு இடம்னா எங்க தம்பி?" என்று அம்மா கேட்டாள்.

"அதெல்லாம் மேக்க, பெரிய பெரிய ஊருங்க அண்ணி. நம்ம ஊரு என்னிக்கு அந்தப் பட்டியல்ல இருந்திருக்கு? ரோடு போட்டானா, பாலம் கட்டினானா? நாம எப்பவும் ஏனைய இடந்தான்."

நியாயமாகத்தான் பட்டது. வியாழக்கிழமை விடிந்ததும் கூரையைப் பிரித்தார்கள். வீட்டுக்குள் நின்றால் வானம் தெரிந்தது. எனக்குக் கொண்டாட்டம் தாங்கவில்லை. முடைந்த கீற்றை வாசலில் அடுக்கிவைத்துவிட்டு, வெயில் தாழ்ந்ததும் மேயலாம் என்று எல்லோரும் பழையது குடிக்க உட்கார்ந்தோம். காற்று அடியோடு நின்றுபோயிருந்தது. உடம்பெல்லாம் பிசுபிசுத்தது. மேற்கே ஒரு மூலை கறுத்தது.

"தம்பி..." என்று அம்மா இழுத்தாள்.

"அது மன்னார்குடிப் பக்கம் அண்ணி. இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்காது" என்றார் சித்தப்பா.

கால் மணி நேரத்தில் பார்த்தது. முதலில் புழுதி, கண்ணைத் திறக்க முடியாத புழுதி. அப்புறம் அடித்த காற்றில் எங்கள் புதுக் கீற்று அத்தனையும் ஒவ்வொன்றாக எழும்பி வாய்க்கால் தாண்டிப் பறந்தது. இடி விழுந்தபோது நான் அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு அலறினேன். மழை வீட்டுக்குள்ளேயே நேராகக் கொட்டியது. பக்கத்து ஊர்களில் ஒரு தூறல்கூட இல்லை என்று பிறகு தெரிந்தது. அன்றைக்கு அந்த ஓரிரு இடம் நாங்கள்தான். சித்தப்பா தலையில் கை வைத்துக்கொண்டு சுவரோரம் குந்தியிருந்தார். பாவம், அவரைத் திட்டக்கூட யாருக்கும் தெம்பில்லை.

மழை கொஞ்சம் குறைந்ததும் குடையைப் பிடித்துக்கொண்டு காரியஸ்தரே வந்து நின்றார். முகத்தில் அப்படி ஒரு கரிசனம்.

"என்னாடா இது, புள்ளையோட நனைஞ்சுக்கிட்டு? களத்துக் கொட்டகை சும்மாதான கெடக்கு. சட்டி பானையெல்லாம் எடுத்துக்கிட்டு அங்க வந்துடுங்க. நாலு நாள் கழிச்சு மெதுவா மேஞ்சுக்கலாம்."

என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. நான் பாயைச் சுருட்டக் குனிந்துவிட்டேன். அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இருக்கட்டுங்கய்யா. நாங்க இங்கயே இருந்துக்கிறோம்."

"காய்ச்சல் வந்து சாவும் புள்ள."

"வராதுங்கய்யா" என்றாள் அம்மா.

அவர் போய்விட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அம்மாவைக் கடித்தே விட்டேன். காய்ந்த தரை, ஓட்டுக் கூரை, எல்லாம் தேடி வந்து கூப்பிட்டால் வேண்டாம் என்கிறாளே, இவள் என்ன பெற்ற தாயா பேயா! பக்கத்து வீட்டுக்காரர்கள் கூப்பிட்டதற்கும் அவள் நகரவில்லை. ஒரு பாயைத் தலைக்கு மேல் பிடித்தபடி நான்கு பேரும் உட்கார்ந்தே விடியவைத்தோம்.

காலையிலும் தூறல் விடவில்லை. அம்மா அடுப்பைப் பற்றவைக்க ஆரம்பித்தாள். விறகு ஈரம், அடுப்பு ஈரம். தெருவில் ஆளுக்கு இரண்டு காய்ந்த குச்சி கொண்டுவந்து கொடுத்தார்கள். சித்தப்பா எங்கேயோ ஒரு குடை வாங்கி வந்து, தான் முழுக்க நனைந்துகொண்டு, அடுப்புக்குக் குடை பிடித்தார். நான் ஊதினேன். கண்ணெல்லாம் எரிந்தது. ஒருவழியாகப் பற்றிக்கொண்டு, மொட்டை மூங்கில்களுக்கு நடுவே புகை எழும்பிய நேரம், பேண்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டுக்கொண்டு இன்ஸ்பெக்டர் சேற்றில் வந்தார். பின்னாலேயே காரியஸ்தர்.

"பாருங்க சார், கூரைகூட இல்ல. நீங்க வர்றீங்கன்னு இன்னிக்குக் காலையில வந்து அடுப்பு மூட்டி நாடகம் ஆடுறாங்க. இங்க ஆளே கெடையாது சார்."

"கூரைதாங்க போச்சு, நாங்க எங்கயும் போவலீங்களே" என்றாள் அம்மா.

இன்ஸ்பெக்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவர் என்னைப் பார்த்துக் குனிந்தார். "நேத்து நீ எங்க பாப்பா படுத்திருந்தே?"

கேட்டாரே ஒரு கேள்வி! அம்மாவைப் பிடித்துக் கொடுக்க இதைவிட நல்ல சமயம் வருமா? அழுதுகொண்டே கொட்டித் தீர்த்துவிட்டேன்.

"படுக்கவே இல்ல சார்! இங்கயேதான் நனைஞ்சுக்கிட்டு உக்காந்திருந்தோம். நேத்து சாயங்காலம் இவருதான் வந்து, சட்டி பானை எடுத்துக்கிட்டு கொட்டகைக்கு வாங்கன்னு கூப்பிட்டாரு. எங்கம்மாதான் விடல. எங்கம்மாவ நல்லாக் கேளுங்க சார்!"

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். அம்மாவைக் கேட்கவில்லை. காரியஸ்தரைக் கேட்டார்.

"ஆளே இல்லாத எடத்துல நேத்து யாரக் கூப்பிட்டீங்க?"

அம்மா கடுங்காப்பியை எங்கள் வீட்டு டம்ளரிலேயே ஊற்றி நீட்டினாள். இன்ஸ்பெக்டர் அதை வாங்கி, நின்றபடியே குடித்துவிட்டு, குடைக்கடியில் வைத்து எழுதினார். எங்கள் வீடு வீடாகிவிட்டது. அடடா, தெருவே கத்திய கத்தல்! சித்தப்பா என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, "இடி இடிச்சது இங்கதான்டா, மழை பேஞ்சது இங்கதான்டா" என்று ரேடியோ குரலில் முழங்கியபடி தெருவைச் சுற்றினார். அம்மா என்னை வாங்கி, நெஞ்சு வலிக்கிற மாதிரி இறுக்கிக்கொண்டாள். கோள் சொன்னதற்கு அடி விழும் என்று பயந்துகொண்டிருந்த எனக்கு ஒன்றும் புரியவில்லை.

சாயங்காலம் வெயில் வந்தது. அப்பா வாய்க்கால் கரையில் தானாக முளைத்துக் கிடந்த ஒரு மாங்கன்றை மண்ணோடு தோண்டிக்கொண்டு வந்தார். வாசலில், நான் பாண்டி விளையாடக் கட்டம் போடுகிற இடத்தில் குழி வெட்டினார்.

"ஏம்ப்பா அங்க வெட்டுற? இது எப்பக் காய்க்கும்?"

"ஆறேழு வருசம் ஆவும்" என்றார்.

"அதுவரைக்கும் நான் எங்க விளையாடுறது?" என்று கத்தினேன்.

எங்கள் தெருவில் அதுவரை எந்த வாசலிலும் மரம் கிடையாது. பூசணிக் கொடி போட விடுவார்கள், மரம் வைத்தால் மறுநாளே பண்ணை ஆள் வந்து பிடுங்கிப் போடுவான். இதெல்லாம் எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரியும். அப்பாவுக்குக் கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது. குழியில் மண்ணைத் தள்ளுவதும் மிதிப்பதுமாக இருட்டுகிற வரை அந்தக் கன்றை விட்டு அவர் நகரவில்லை. நான் என் பாண்டிக் கட்டம் போயிற்றே என்று பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருந்தேன்.