மூணாம் கவர்

நகராட்சி அலுவலகத்தில் அவரை எல்லோரும் மூணாம் கவர் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒப்பந்தக்காரர் பதிவில் இருக்கிறது. அதைச் சொல்லி அழைத்தால், யாரையோ அழைக்கிறார்கள் என்று அவரே ஒரு நொடி சும்மா நிற்பார்.

அந்தப் பெயர் வந்த கதை எளிது. எங்கள் நகராட்சியில் ஒரு வேலைக்கு டெண்டர் விட்டால் குறைந்தது மூன்று பேராவது விலை எழுதிக் கவரில் வைத்து ஒட்டிப் போட வேண்டும். இரண்டு வந்தால் செல்லாது, மறுபடி விளம்பரம், மறுபடி காத்திருப்பு. பெரிய வேலைகளை எல்லாம் எடுத்துக்கொண்டிருந்த பெரிய முதலாளிக்குக் காத்திருக்கும் பழக்கம் கிடையாது. தன் கவரோடு இன்னும் இரண்டு கவருக்கும் அவரே ஏற்பாடு செய்துவிடுவார். இரண்டாவது அவருடைய மச்சானுடையது, மூன்றாவது இவருடையது. முதலாளியின் ஆள் வந்து விலையைச் சொல்லுவான். அது முதலாளியின் விலையைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். இவர் அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார். தோற்பதற்கென்றே போடுகிற கவர். கைம்மாறாக, முதலாளி எடுத்த வேலையில் வடிகால் மூடி பதிப்பது, நடைபாதைக் கல் ஒட்டுவது என்று துண்டு வேலை ஏதாவது இவருக்கு வந்து சேரும். கொத்தனாராக ஆரம்பித்து, மேஸ்திரியாகி, ஒப்பந்தக்காரராகப் பதிவு செய்துகொண்டவர். பதிவு செய்த நாள் முதல் சொந்தமாக ஒரு டெண்டரும் ஜெயித்ததில்லை.

நான் அங்கே இளநிலைப் பொறியாளராகச் சேர்ந்த புதிதில் ஒருநாள் கேட்டேன். "என்ன வேலைன்னு உள்ள படிச்சுப் பார்த்துத்தானே போடறீங்க?"

"ஜெயிக்காத வேலையை எதுக்குத் தம்பி படிக்கணும்? பரீட்சைக்கு வராத பாடத்தை நீங்க படிச்சீங்களா?"

"படிச்சேன். அதையும் படிச்சதாலதான் எங்க வம்சத்துலயே முதல் ஆளா பட்டம் வாங்கினேன்."

"அதான் இங்க வந்து மாட்டிக்கிட்டீங்க," என்று சிரித்தார். அவருடைய சிரிப்பில் தோள் மட்டும்தான் குலுங்கும், சத்தம் வராது.

கடைத்தெருவை அகலப்படுத்தி இரண்டு பக்கமும் வடிகால் கட்டும் டெண்டரின் கவர்களைப் பிரித்த அன்று, வழக்கம்போல் பின் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். ஆணையர் புதிதாக வந்தவர். முதல் கவரைப் பிரித்ததும் பெரிய முதலாளியின் பதிவு புதுப்பிக்கப்படாமல் காலாவதியாகியிருந்தது தெரிந்தது. கணக்கர் மறந்துவிட்டாராம். தள்ளுபடி. இரண்டாவது கவரில் மச்சான், முதலாளியின் அலுவலக விலாசத்தையே தன் விலாசமாக எழுதியிருந்தார். "ரெண்டு பேரும் ஒரே நாற்காலியிலயா உட்காருவீங்க?" என்று கேட்டு அதையும் ஆணையர் ஒதுக்கி வைத்தார். மிச்சம் இருந்தது மூன்றாவது. அதில் ஒரு குறையும் இல்லை. மூன்று கவர் வந்துவிட்டது, ஒன்று தகுதியானது, விலையும் மதிப்பீட்டுக்குள் இருந்தது. மறு டெண்டர் விட்டால் ஆண்டு முடிந்து நிதி திரும்பிப் போய்விடும். ஆணையர் கையெழுத்துப் போட்டார்.

"வாழ்த்துகள்ணே," என்றேன்.

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான். கடைத்தெரு வேலை."

டீ டம்ளரைப் பெஞ்சில் வைக்கப் போனவர், பெஞ்சு எங்கே இருக்கிறது என்று தெரியாதவர்போல் காற்றில் துழாவினார். "எந்தக் கடைத்தெரு?" என்றார். எங்கள் ஊரில் இருந்தது ஒரே கடைத்தெருதான்.

அந்தத் தெருவின் நடுவில் அவருடைய அக்காவின் மாவு மில் இருந்தது. கணவர் இறந்த பிறகு அந்த அம்மாள் தனியாகவே நடத்தி வந்தார். முன்பக்கம் மில், பின்பக்கம் ஓர் அறையும் அடுப்பங்கரையும். எதிரே பெரிய முதலாளியின் வணிக வளாகம். பழைய வரைபடத்தில் தெருவின் கோடு நேராகத்தான் ஓடியது. மன்றம் ஒப்புதல் கொடுத்த புது வரைபடத்தில் வளாகத்தின் படிக்கட்டு வந்ததும் கோடு மரியாதையாக ஒதுங்கி, எதிர்ப்பக்கம் வளைந்து, மில்லின் முன்பாதியைத் தின்றுவிட்டுப் போனது. அக்கா ஆட்சேபம் தெரிவித்தார். கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டார்கள். கேட்டதோடு சரி.

இடத்தை அளக்க நான் போனபோது இவரும் கூடவே வந்தார். அக்கா இயந்திரத்தை நிறுத்தவில்லை. அந்த இரைச்சலுக்கு மேல் குரல் கொடுத்தார்.

"வாங்க காண்ட்ராக்டர் சார். போர்டு வைக்க இடம் பார்க்க வந்தீங்களா? வாசல்லயே வைங்க, எல்லாருக்கும் தெரியட்டும்."

"அக்கா, சத்தியமா எனக்குத் தெரியாது."

"என்ன வேலைன்னே தெரியாமலா கையெழுத்துப் போட்டே?"

"ஆமாக்கா."

"இதுக்கு நீ தெரிஞ்சே போட்டேன்னு சொல்லியிருக்கலாம். கொஞ்சம் கௌரவமாவது இருந்திருக்கும்."

அன்று சாயங்காலம் என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும் என்று கேட்டார். கட்டிய முன்பணம் போகும், பதிவையும் ரத்து செய்வார்கள், பிறகு எந்த வேலையும் தொட முடியாது என்றேன். மனசு கேட்காமல் இன்னொன்றும் சொன்னேன். "மூணு பேரும் பேசி வெச்சுத்தான் கவர் போட்டோம்னு எழுதிக் குடுத்தீங்கன்னா டெண்டரே ரத்தாகும். உங்க மேல கேஸ் வரும். ஆனா வேலை உங்க கையை விட்டுப் போயிடும்."

மேசையில் கிடந்த வரைபடத்தைத் தொட்டுக் காட்டினார். "அப்போ கோடு?"

"கோடு அப்படியேதான். அது மன்றத் தீர்மானம். வேற ஒருத்தர் வந்து இடிப்பாங்க."

"அப்போ நான் ஜெயிலுக்குப் போனாலும் அக்காவுக்கு மில் மிஞ்சாது."

"மிஞ்சாதுண்ணே."

பெரிய முதலாளியும் சும்மா இருக்கவில்லை. "பேரு உன்னோடதா இருக்கட்டும்டா. ஆளு, மிஷின், எல்லாம் நம்மது. நீ கையெழுத்து மட்டும் போடு, அதுதான் உனக்கு நல்லா வருமே," என்று ஆள் அனுப்பிச் சொன்னார். முதலாளி கைக்கு வேலை போனால் முதல் நாளே வளாகத்துக்கு எதிரே, மில் வாசலில்தான் இடிக்கும் இயந்திரம் வந்து நிற்கும். இவர் வாழ்க்கையில் முதல் தடவையாக முதலாளிக்கு மாட்டேன் என்று சொன்னார். கொத்தனாராக இருந்த காலத்துக் கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு தானே இறங்கினார்.

வேலையை எந்த முனையில் தொடங்குவது என்பது ஒப்பந்தக்காரர் இஷ்டம். அந்த ஒன்று மட்டும்தான் அவர் கையில் இருந்தது. பேருந்து நிலையத்துப் பக்கம், தெருவின் வாயில் தொடங்கினார். வேலை மில் வரைக்கும் வந்து சேர எவ்வளவு நாள் இழுக்க முடியுமோ அவ்வளவு இழுத்தார். சிமெண்ட் வரவில்லை என்பார், ஆள் வரவில்லை என்பார், போட்ட காங்கிரீட் காய வேண்டும் என்பார். தாமதத்துக்கு அபராதம் போட்டு நானே நோட்டீஸ் கொடுத்தேன். வாங்கிச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டார். கடைக்காரர்கள் அவர் காதுபடவே திட்டினார்கள். "மூணாம் கவர் கையில வேலையைக் குடுத்தா மூணாம் தலைமுறைதான் ரோட்டைப் பார்க்கும்," என்றார் செருப்புக் கடைக்காரர். அதற்கும் தோளைக் குலுக்கினார். மில் ஓடுகிற சத்தம் தூரத்தில் கேட்டுக்கொண்டிருந்தது, அவருக்கு அது போதும்.

அவர் கணக்கில் வராத ஒன்று இருந்தது. தெருவின் வாயே பள்ளமாகக் கிடந்தால் மூட்டையோடு வருகிறவர்கள் எப்படி உள்ளே வருவார்கள்? சைக்கிளில் வந்தவர்கள் கொஞ்ச நாள் பலகை மேல் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பிறகு அடுத்த பேட்டையில் இருந்த மில்லுக்குப் பழகிக்கொண்டார்கள். சத்தம் குறைந்து, காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை என்றாயிற்று. இயந்திரம் துருப்பிடிக்காமல் இருக்க அக்கா சும்மா ஓட்டியிருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஒருநாள் காலை அந்த அம்மாளே பலகையில் நடந்து வேலை நடக்கும் இடத்துக்கு வந்தார். கூலியாட்கள் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு நின்றார்கள்.

"ஏன்டா, இன்னும் எத்தனை மாசம் எனக்குப் பாவம் பார்க்கப் போறே?"

"முடிஞ்ச வரைக்கும் தள்ளிப் பார்க்கறேன்க்கா."

"நீ தள்ளத் தள்ள என் பொழப்பு போகுது. ஒரேயடியா இடிச்சிருந்தா பின்னாடி ரூம்ல மிஷினைப் போட்டு, இந்நேரம் பாதி வாடிக்கையாவது நின்னிருக்கும். தெருவே என்னைத் திட்டுது. இவ வீட்டுக்காகத்தான் ரோடு நிக்குதாம்."

"அக்கா..."

"நாளைக்கு வந்து இடி. வேற ஆளை அனுப்பாதே. நீ வா."

மறுநாள் நாங்கள் போனபோது இயந்திரத்தைக் கழற்றி அறைக்குள் தள்ளியிருந்தார். எதிரே வளாகத்தின் படிக்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். காவலாளி எழுப்பப் பார்த்தான். "இந்தப் படிக்குத்தான்யா என் வீட்டைக் குடுக்கறேன், கொஞ்ச நேரம் உட்கார்ந்துக்கறேன்," என்றதும் விலகிப் போய்விட்டான்.

இடிக்கும் இயந்திரத்தின் ஓட்டுநர் தலையை வெளியே நீட்டினார். "அண்ணே, ஆரம்பிக்கலாமா?"

இவருடைய கை பாதி தூக்கியபடி நின்றது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. ஓட்டுநர் இன்னொரு தடவை கேட்டார்.

"ஆரம்பிப்பா," என்றார் அக்கா படிக்கட்டிலிருந்து. "உங்கண்ணன் தலையாட்டறதுக்குள்ள டீசல் தீர்ந்துடும்."

முன்சுவர் சரிந்தபோது, பல வருஷமாக உத்தரத்தில் படிந்திருந்த மாவு ஒரேயடியாகக் கொட்டித் தெரு முழுக்க வெளுத்தது. அது அடங்கியதும் நான் அளவெடுக்க வேண்டியிருந்தது. டேப்பின் ஒரு முனை பொறியாளர் கையில், மறுமுனை ஒப்பந்தக்காரர் கையில் இருக்க வேண்டும் என்பது விதி. புதுக் கோட்டில் நான் நின்றேன். அக்காவுக்கு எவ்வளவு மிஞ்சியது என்று பார்க்க, மூணாம் கவர் டேப்பை இழுத்துக்கொண்டு பின்பக்கமாகவே நடந்தார். நாலைந்து எட்டு வைப்பதற்குள் அடுப்பங்கரைச் சுவர் முதுகில் இடித்தது.

"இன்னும் கொஞ்சம் தள்ளுங்கண்ணே, டேப் தொய்யுது," என்றேன்.

"இடமில்ல தம்பி," என்றார்.