வாசிக்காத மூன்றாவது ஓலை

நான் இருக்கும் இத்தாலி ஊரில் கல்யாண ஓலையை யாரும் சத்தமாக வாசிப்பதில்லை. மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், தேதி என்று ஒரு தாளில் அடித்து மாதா கோவில் வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒட்டிவிடுகிறார்கள். சனம் அதைக் கடந்து உள்ளே போகிறது, ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வேலைகெட்ட நான் ஒருவன்தான் நின்று எழுத்துக்கூட்டி வாசிக்கிறேன். ஒருநாள் கோவில் கூட்டும் சிஞ்ஞோரா அம்மா என் முழங்கையைப் பிடித்து, "லவோரோ? லவோரோ?" என்று கேட்டபடி, வேலைக்கு ஆள் தேடும் தாள்கள் தொங்கிய பக்கத்துப் பலகைக்கு இழுத்துப்போனாள். லவோரோ என்றால் வேலை. ஒரு கறுத்தவன் தாளை உற்றுப் பார்த்தால் வேறு எதற்காக இருக்கும் என்று நினைத்திருப்பாள், பாவம். கும்பிட்டு நன்றி சொன்னேன். என் காரணத்தை அவளுக்குச் சொல்ல என்னிடம் மொழியும் இல்லை, துணிச்சலும் இல்லை. நாட்டில் இருக்கும் உங்களுக்கும், என்னைப்போலப் பிழைக்க வந்தவர்களுக்கும் இப்போது சொல்லிவிடுகிறேன்.

கண்டியிலிருந்து நுவரெலியா போகும் பாதையில் புசல்லாவையைத் தாண்டி ஏறினால் எங்கள் தேயிலைத் தோட்டம். தகரக் கூரை போட்ட எங்கள் கோவிலுக்கு ஃபாதர் மாதம் ஒரு தரம்தான் வருவார். மற்ற ஞாயிறுகளில் செபம் நடத்துகிறவர் உபதேசியார். அந்த உபதேசியார் நான்தான். நல்ல குரல், அந்தக் குரலுக்கு ஏற்ற திமிரும் உண்டு. கல்யாணம் பேசி முடித்துவிட்டால் ஓலையை மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை ஏதும் அறிந்தவர்கள் அறிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்று அது முடியும். மூன்றையும் வாசித்துவிட்டால் பெண் வீட்டார் நிம்மதியாக மூச்சு விடுவார்கள். இடையில் நின்றுபோனால் ஏன் நின்றது என்று விசாரிக்க, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் யாருக்கும் பொறுமை கிடையாது. காரணத்தை அவர்களே செய்துகொள்வார்கள். இது எனக்கு நன்றாகத் தெரியும்.

எங்கள் தோட்டத்து ஸ்டெல்லாவை எனக்குப் பிடித்திருந்தது. என் அக்காவை அனுப்பிப் பெண் கேட்டேன். "அந்த ஆளா? வீட்லயும் பிரசங்கம் வைப்பாரே, யாரு தாங்குறது!" என்று சிரித்தாளாம். அதை வந்து சொன்ன அக்காவும் சிரித்தாள். எனக்கு அது பொறுக்கவில்லை. ஆறு மாதத்தில் பன்வில பக்கத்து லொறி டிரைவர் அந்தோனியை அவளுக்குப் பேசி முடித்தார்கள். முதல் ஓலையை வாசித்தேன். இரண்டாவதையும் வாசித்தேன். மூன்றாவது ஞாயிறு தாளைக் கையில் எடுத்து, கோவிலே பார்த்திருக்க நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பாட்டைத் தொடங்கினேன். வெளியே வந்ததும், எங்கள் தோட்டத்திலேயே இருந்த அந்தோனியின் அத்தை, "ஏன் உபதேசியாரே, வாசிக்கல?" என்று கேட்டாள். "அதெல்லாம் என்கிட்ட கேக்காதீங்க" என்றேன். இவ்வளவுதான் சொன்னேன். ஒரு பொய்கூட இல்லை பாருங்கள், அத்தனை கெட்டிக்காரன்!

அத்தை அன்றைக்கே பஸ் ஏறிப் பன்விலைக்குப் போனாள். செவ்வாய்க்கிழமை சம்பந்தம் முறிந்தது. ஸ்டெல்லாவை அவள் தாய் கண்டிக்கு இழுத்துக்கொண்டு போய் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டி, பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை, கெட்டுப்போகவில்லை என்று எழுதி வாங்கி வந்தாள். அந்தத் துண்டுத் தாளை லயம் லயமாகக் கொண்டுபோய்க் காட்டினாள். காட்டக் காட்டச் சனம் இன்னும் அதிகமாகச் சந்தேகப்பட்டது. என்னிடமும் நீட்டினாள். வாசித்துவிட்டு, "ஆண்டவர் பாத்துக்குவாரு" என்று திருப்பிக் கொடுத்தேன். ஃபாதர் வந்து கேட்டபோது மாப்பிள்ளை வீட்டார் மனம் மாறிவிட்டார்கள் என்று முடித்துவிட்டேன். அடுத்த வருசம் மச்சான் ஒருவன் என்னை இத்தாலிக்கு எடுத்தான்.

பதினான்கு வருசமாக இங்கே ஒரு ஓட்டல் குசினியில் சட்டி கழுவுகிறேன். தமிழ்ப் பூசையில் என் குரலைக் கேட்டவர்கள் வேதாகம வாசகம் வாசிக்கக் கூப்பிட்டார்கள். தொண்டை சரியில்லை என்று வருசக்கணக்காக ஒரே சாட்டைச் சொன்னேன். உண்மையில், தாளோடு சனத்துக்கு முன்னால் நிற்க நினைத்தாலே அந்தத் தாய் நீட்டிய துண்டு கண்ணுக்கு முன்னால் வந்துவிடும். போன தவக்காலத்தில் ஊரிலிருந்து வந்திருந்த ஒரு ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "ஆனா பொய் ஒண்ணும் சொல்லல ஃபாதர்" என்று சேர்த்தேன். "அப்ப எதுக்கு முழங்கால்ல நிக்கிறீங்க?" என்றார். உடைந்து அழுதேன். பாவமன்னிப்புக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "ஆண்டவர் மன்னிச்சிட்டார். ஆனா நீங்க பறிச்சது அந்தப் பொண்ணோட பேர். அதத் திருப்பிக் குடுக்கவேண்டியது நீங்க." மனம் இலேசாகிவிட்டது. முக்கால்வாசி முடிந்தது என்று நினைத்தேன், மடையன்.

லீவு போட்டு ஊருக்குப் போனேன். ஸ்டெல்லா பிள்ளை மடுவத்தில் வேலை செய்கிறாள். தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. கல்யாணமே ஆகவில்லை. சேலைத் தொட்டில்களில் ஏழெட்டுக் குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தன. நான் வாயைத் திறந்ததும் விரலை உதட்டில் வைத்தாள். அதனால் எல்லாவற்றையும் கிசுகிசுப்பாகத்தான் பேசினோம். செய்ததைச் சொன்னேன், பாவசங்கீர்த்தனத்தைச் சொன்னேன், பூசையில் வாசிக்கக் கூப்பிடுவதையும் உளறிவைத்தேன்.

"ஆண்டவர் மன்னிச்சிட்டாரா?" என்றாள்.

"ம்."

"ஒங்களுக்கு எல்லாம் லேசா கெடச்சிருது. எங்கம்மா சாகுறப்ப என்னா கேட்டாங்க தெரியுமா? நெசமாவே ஒண்ணும் இல்லையாடி, இப்பவாச்சும் சொல்லுன்னு கேட்டாங்க. டாக்டரம்மா குடுத்த துண்டு தலகாணிக்கு அடியிலதான் இருந்திச்சு. அப்பவும் கேட்டாங்க."

எனக்கு விம்மல் வந்துவிட்டது. "அழுவுறதுன்னா வெளிய போய் அழுங்க. புள்ளைங்க எந்திரிச்சிரும்" என்றாள். அழுகையை விழுங்கிக்கொண்டு, நான் என்ன செய்யவேண்டும் என்று கேட்டேன்.

"மூணாவது ஓலைய வாசிங்க."

"அந்தோனிக்கு இப்ப மூணு புள்ளைங்க, ஸ்டெல்லா."

"மாப்ள யாருக்கு வேணும்? எனக்கு ஓலை வேணும்."

கல்யாணம் கட்டியவனின் பெயரை ஓலையில் வாசிக்க முடியாது, செய்த குற்றத்தை வாயால் சொல்லுங்கள் என்று தோட்டத்துக்கு வரும் ஃபாதர் அனுமதித்தார். அந்த ஞாயிறு பூசை முடிவில் அதே இடத்தில் நின்றேன். ஸ்டெல்லாவின் ஓலையை நிறுத்தியது நான், தடை எதுவும் இருக்கவில்லை, அவள் என்னை வேண்டாம் என்ற பொறாமையில் செய்தேன், அவள்மேல் ஒரு குற்றமும் இல்லை என்றேன். பின்னால் யாரோ கெக்கலித்துச் சிரித்தார்கள். வெளியே வந்தால், அந்தோனியின் அத்தை, இப்போது கிழவி, நாலு பெண்களை வைத்துக்கொண்டு சொல்கிறாள்: "இம்புட்டுத் தூரத்துல இருந்து வந்து பரிஞ்சு பேசுறாருன்னா, அந்தக் காலத்துல இவுங்க ரெண்டு பேருக்கும்தான் என்னமோ இருந்திருக்கு." துடைக்க வந்த நான் புதிதாக ஒரு கறையைப் பூசிவிட்டேன்.

ஸ்டெல்லாவுக்கும் அது கேட்டது. நேராகக் கிழவியிடம் போனாள். "ஆமா அத்தை, இருந்திச்சு. பொண்ணு கேட்டாரு, மாட்டேன்னேன். அதான் இருந்திச்சு. வேற என்னாச்சும் தெரியணுமா?" என்று முற்றமே கேட்கச் சொன்னாள். கிழவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு ஸ்டெல்லா என் பக்கம் திரும்பினாள்.

"மன்னிச்சிட்டேன். ஆண்டவருக்கு முன்னாடி சொல்றேன், நெசமாவே மன்னிச்சிட்டேன். அங்க வாசிக்கக் கூப்பிடுறாங்கன்னீங்களே, போய் வாசிங்க. ஒரு வரி விடாம வாசிங்க. இங்க மட்டும் இனிமே வராதீங்க. ஒங்களுக்குப் போக ஒரு நாடு இருக்கு. எனக்கு இருக்கிறது இந்த ஒரு தோட்டந்தான்."

இப்போது தமிழ்ப் பூசையில் நான்தான் வாசகன். நம்மவர் கல்யாணம் என்றால் ஃபாதரிடம் கேட்டு மூன்று ஞாயிறும் ஓலையைச் சத்தமாக வாசிக்கிறேன். "எதுக்கு அங்கிள் மூணு வாரம்?" என்று பொடியன்கள் சலித்துக்கொள்கிறார்கள். சலிக்கட்டும். ஒவ்வொரு முறை முடிக்கும்போதும் நான் இன்னும் ஒன்றுக்காவது உதவுகிறேன் என்று தோன்றுகிறது, அதற்காக ஆண்டவருக்கு நன்றி சொல்கிறேன். மன்னிப்புக் கிடைத்தால் ஊர் திரும்பக் கிடைக்கும் என்று நினைத்திருந்தேன். அவள் இரண்டையும் பிரித்து, ஒன்றைத்தான் கொடுத்தாள்.

என் அப்பாவும் அம்மாவும் அந்தத் தோட்டத்துச் சவக்காலையில்தான் கிடக்கிறார்கள். இந்த நவம்பர் கல்லறைத் திருநாளுக்கு இரண்டு மெழுகுவர்த்தி வாங்கிக்கொண்டு இங்குள்ள கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். ஒவ்வொரு குடும்பமும் தன் பெயர் வெட்டிய கல்லைத் துடைத்து, பூ வைத்து, சுற்றி நின்று செபித்துக்கொண்டிருந்தது. நான் இரண்டையும் கொளுத்திக் கைக்கொன்றாய்ப் பிடித்தபடி, எந்தக் கல்லில் வைப்பதென்று தெரியாமல், மெழுகு விரலில் வழிய வழிய நடைபாதையிலேயே நின்றேன்.