நாலாம் காம்பராச் சுவரில் ஒரு ஓட்டை

அப்பாவும் நானும் சேர்ந்து செய்த கடைசி வேலை, தோட்டத்து லயத்தில் வரிசையாக ஒட்டியிருக்கும் எட்டு வீடுகளில் ஒன்றான நாலாம் காம்பராவில் மாட்டியிருந்த அலாரத்துக்கு பேட்டரி மாற்றியது. ஞாயிற்றுக்கிழமை காலை. கொழும்பிலிருந்து நான் கொண்டுவந்த புது பேட்டரிகளைப் போட்டு மூடினேன். அப்பா பொத்தானை அழுத்தினார். நாலு தடவை கத்தியது. நின்றது. மறுபடி நாலு.

"மூணு கத்துனா என்னா?" என்று அப்பா விஜயகலாவிடம் கேட்டார். அந்தக் காம்பராவில் இருப்பவள் அவள்தான். இடுப்பில் பத்து மாதப் பிள்ளை.

"புகை, மாமா. அது ஒங்க காம்பரா அலாரம்."

"நாலு கத்துனா?"

"புள்ளயத் தூக்கிட்டு வெளிய ஓடணும்."

"அடுப்புல பருப்பு கொதிக்குதே?"

"கொதிக்கட்டும். ஒங்களுக்குத்தான் எப்பவும் பருப்பு மேல கண்ணு."

அப்பா சிரித்தார். பிறகு அண்ணாந்து பார்த்தார். கூரைக்குக் கீழே அவர் உடைத்த ஓட்டையில் யாரோ ஒரு சாக்கைத் திணித்திருந்தார்கள்.

"சாரல் அடிக்குது மாமா. போன வாரம் மரநாய் வேற எட்டிப் பாத்துச்சு" என்றாள் விஜயகலா.

அப்பா ஸ்டூலில் ஏறிச் சாக்கை இழுத்துப் போட்டார். "வல போட்டுத் தர்றேன். அதுவரைக்கும் நனஞ்சா நனையட்டும். அடைக்காத."

அவர் பெயர் மூக்கையா. வயது அறுபத்தொன்று. யட்டியாந்தோட்டைக்கு மேலே ஒரு றப்பர் தோட்டத்தில், றப்பர் சீட் காயவைக்கும் புகையறையில் முப்பத்தெட்டு வருடம் நெருப்புப் பார்த்தவர். எந்த விறகு எவ்வளவு புகையும், எப்போது கதவைத் திறக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்குக் கண்ணிலும் தொண்டையிலும் தெரியும். புகை என்றால் கெடுதல். புகை அடங்கித் தணலாகிவிட்டால் சுத்தமான நெருப்பு. அங்கே எல்லாரும் அப்படித்தான் நம்பினார்கள்.

போன ஆடி மாதம் விஜயகலா பிள்ளை பெற்று லயத்துக்கு வந்தாள். விடாத மழை. பிள்ளை பெற்றவளுக்குக் குளிர் ஏறக்கூடாது, காற்றுப் படக்கூடாது என்று கதவையும் ஜன்னலையும் சாத்திவைத்தார்கள். பிள்ளையின் துணி காயவில்லை. புருசன் கொழும்பில் கடை வேலையில் இருந்தான். அப்பா புகையறையிலிருந்து ஒரு தகரம் நிறையத் தணல் கொண்டுபோய்க் கொடுத்தார். "பொட்டுப் புகை இல்ல. பயப்படாம உள்ள வையி" என்றார்.

மாலையில் புதுத் தணலோடு போய்க் கதவைத் தட்டினார். பதில் இல்லை. உதைத்துத் திறந்தார். தாயும் பிள்ளையும் எழுப்பியும் எழும்பவில்லை. இருவரையும் த்ரீவீலரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஒக்சிசன் கொடுத்தார்கள். பிழைத்தார்கள்.

உள்ளே நெருப்பு வைத்தது யார் என்று டாக்டர் கேட்டபோது, "நான்தாங்க" என்றார் அப்பா.

அன்று இரவே எனக்குப் போன் பண்ணினார். "பாப்பா, கண்ணு எரியல. இருமல் இல்ல. வாசம் இல்ல. அப்பறம் எப்புடி மயங்குவாங்க?"

நான் கட்டடங்களுக்குத் தீ அலாரம் பொருத்தும் டெக்னீஷியன். கார்பன் மொனொக்சைட் என்றேன். நிறம் இல்லை, மணம் இல்லை. காற்றுப் போதாமல் எரியும் எதிலிருந்தும் வரும், தணலிலிருந்தும் வரும். இரத்தத்தில் ஒக்சிசனின் இடத்தை அது பிடித்துக்கொள்ளும், இலேசில் விடாது.

பிறகு, "அப்ப புகையறையில எனக்கு வந்த தலவலி? வெறும் வயிறுன்னு நெனச்சேனே" என்றார்.

அடுத்த சனிக்கிழமை நான் ஒரு அலாரத்தோடு போனேன். தப்பு என்னுடையது. அவசரத்தில் கையில் கிடைத்த புகை அலாரத்தைக் கொண்டுபோனேன். அப்பாவின் ஆறாம் காம்பராவில் கூரையோடு மாட்டினேன். காலை அடுப்புக்குக் கத்தியது. தாளிப்புக்குக் கத்தியது. மூன்றாம் நாள் அடுத்த காம்பராக்காரர் வந்து அதற்கு ஒரு சிலிசிலி பிளாஸ்டிக் பையைக் கட்டிவிட்டுப் போனார்.

அப்பா பையை அவிழ்த்தார். ஈரக் குச்சியைப் பற்றவைத்து அதன் கீழே பிடித்தார். அலறியது. தகரத்தில் தணலைத் தூக்கிப் பிடித்தார். சத்தமே இல்லை.

"இது எனக்குத் தெரிஞ்சதயே சொல்லிக் கத்துது பாப்பா. தெரியாதத எது சொல்லும்?"

அதற்குப் பிறகுதான் சரியான அலாரம் இரண்டு, எங்களுக்கும் விஜயகலாவுக்கும், வாங்கினேன். புகை அலாரத்துக்குள்ளே ஒரு வெளிச்சம் இருக்கும். புகைத்தூசி அதில் பட்டுச் சிதறினால் கத்தும். இதற்குள்ளே இருப்பது ஒரு இரசாயனக் கலம். வாயு பட்டால் சிறு மின்சாரம் எழும். எவ்வளவு வாயு, எவ்வளவு நேரம் என்று இரண்டையும் சேர்த்துப் பார்க்கும். கொஞ்சம் என்றால் ஒரு மணி நேரத்துக்கு மேல் பொறுக்கும். நிறைய என்றால் மூன்று நிமிடத்துக்குள் கத்திவிடும். அப்பா அதையும் கூரையில் மாட்டச் சொன்னார். இது புகை மாதிரி மேலே போய்த் தங்காது, காற்றோடு கலந்துவிடும் என்று சொல்லி, படுக்கைக்குப் பக்கத்தில் சுவரில் தலை உயரத்துக்கு மாட்டினேன்.

ஆறாம் காம்பராவைச் சாத்தி உள்ளே தணல் வைத்தோம். லயமே ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே நின்றது. பத்து நிமிடம் ஆகவில்லை. நாலு தடவை கத்தியது. அப்பா மூக்கைப் பொத்திக்கொண்டு போய்க் கதவைத் திறந்துவிட்டார்.

"சரி, கத்துது. மழையில பச்சப் புள்ளயோட எங்க ஓடுறது?" என்று திரும்பி என்னைக் கேட்டார். பிறகு அவரே கூரையை அண்ணாந்து பார்த்தார்.

பழைய தகரக் கூரைக்கும் சுவருக்கும் நடுவே புகை போக வழி இருந்தது. கூரை மாற்றியபோது அதைச் சிமெந்து வைத்து அடைத்துவிட்டார்கள். ஒழுகவில்லை என்று எல்லாரும் சந்தோசப்பட்டார்கள். ஈர விறகு எரியும் அடுப்போ உள்ளேயே இருந்தது. வழியைத் திறந்துவிடச் சொல்லி அப்பா மூன்று தடவை தோட்ட ஆபிசில் கேட்டார். பிறகு கேட்பதை விட்டுவிட்டு, சுவர் இடிக்கும் அலவாங்கை எடுத்தார். முதலில் நாலாம் காம்பரா. இந்தச் சித்திரைக்குள் ஏழு காம்பராவில் உடைத்துவிட்டார். எட்டாம் காம்பராக்காரர் மட்டும் ஆபிசுக்குப் பயந்து வேண்டாமென்றார்.

ஓட்டை இருந்தாலும் தணல் உள்ளே வரக்கூடாது என்று நான் சொன்னதை அப்பா எல்லா வாசலிலும் போய்ச் சொன்னார். "நான் கொண்டாந்தாலும் வாங்காதீங்க" என்று சேர்த்துக்கொண்டார்.

ஆபிஸ் கிளாக்கர் சரவணமுத்து யாழ்ப்பாணத்துக்காரர். சிங்களத்தில் அடித்த கடிதத்தோடு லயத்துக்கு வந்தார்.

"மூக்கையா, உது தோட்டத்துச் சுவர். கேளாமல் உடைக்கேலாது."

"மூணு தடவ கேட்டேங்க ஐயா. செவுரும் பதில் சொல்லல, ஆபிசும் சொல்லல."

"பதினாலு நாளுக்குள்ள பூசி மூடோணும். நான் சொல்லேல்ல, கடிதம் சொல்லுது."

"கடிதம் எழுதுன தொரய அனுப்புங்க. எல்லாத்தயும் மூடிட்டு, அடுப்பப் பத்தவச்சிட்டு, கதவச் சாத்திக்கிட்டு ஒரு மணி நேரம் நாலாங் காம்பராவுல படுக்கட்டும். எந்திரிச்சி வந்தாருன்னா நானே சுண்ணாம்பும் அடிச்சித் தர்றேன்."

லயம் சிரித்தது. கிளாக்கரும் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் போனார்.

பேட்டரி மாற்றியது அதற்கு மூன்றாம் நாள். அடுத்து வந்த வெள்ளிக்கிழமை, வேலைக்குப் போகும் வழியில், புகையறை வாசலில் அப்பா விழுந்தார். மாரடைப்பு. மழை பெய்துகொண்டிருந்தது.

செத்த வீட்டுக்குக் கிளாக்கர் வந்தார். கையில் குடை, பையில் அதே கடிதத்தின் பிரதி. "பிள்ளை, தகப்பன் நல்ல மனுசன். நீர் ஒரு கையெழுத்து வைச்சால் ஆபிஸே மேசனை அனுப்பி மூடும். காம்பராவைக் காலி பண்ணவும் கொஞ்ச நாள் தருவினம்" என்றார். அவர் கெட்டவர் அல்ல. அம்மா முன்பே போய்விட்டாள். நான் தோட்டத்தில் வேலை செய்யவில்லை. அப்பா இல்லாத ஆறாம் காம்பரா இனி எனக்கில்லை.

கடிதத்தை வாங்கி முழுதும் படித்தேன். ஓட்டையின் விவரம் என்ற இடத்தில் "சுவருக்குச் சேதம்" என்று இருந்தது. அதை வெட்டினேன். "கார்பன் மொனொக்சைட் வெளியேற" என்று சிங்களத்தில் எழுதினேன். கையெழுத்து இடத்தைக் கோடிட்டு அடித்துத் திருப்பிக் கொடுத்தேன். காம்பராவை எடுத்துக்கொள்ளட்டும். ஓட்டையை என் கையால் மூடித்தர மாட்டேன்.

ஆனால் ஆபிஸ் மூடத் தேவையே இல்லை. இன்று காலை நாலாம் காம்பராவில் சாக்கு திரும்ப ஏறியிருந்தது. மூன்றாம் காம்பராவில் ஒரு தலையணை. விஜயகலா என் முகத்தைப் பார்க்கவில்லை. "புள்ளக்கிச் சளி, அக்கா" என்றாள். நான் அவளைத் திட்டவில்லை. சாரல் நிஜம்.

அப்பாவின் சட்டைகளை மடித்தபோது ஒரு பையில் சிகரெட் பெட்டி அட்டைத் துண்டு இருந்தது. ஒரு பக்கம் யட்டியாந்தோட்டையில் கம்பி, தகரம் விற்கும் லாபிர் நானா கடையின் போன் நம்பர். மறுபக்கம் அப்பாவின் கோணல் எழுத்து: கம்பி வல. 9க்கு 9. ஏழு துண்டு. மேல தகர மூடி. செவ்வா சொல்லியாச்சு, சனி எடுக்கணும்.

கடைக்குப் போன் பண்ணினேன். "ஓ, வெட்டி வச்சிருக்கேன் மகள், ஏழும். ஒங்க வாப்பா வரவே இல்லையே" என்றார் லாபிர் நானா. அவருக்கு இன்னும் தெரியாது.

யட்டியாந்தோட்டை பஸ் பத்தரைக்கு.