நாற்பத்திரண்டு ரிவெட்டுகள்

மாத்திரையை விழுங்கிய கையோடு ஹமனோ சமையலறை மணிக்கடிகாரத்தை அரை மணிக்குத் திருகி வைக்கிறார். அரை மணி கழிந்தால் வலது கை நடுக்கம் அடங்கும். முன்பு நாற்பது நிமிடம் அடங்கியிருந்தது, இப்போது இருபது. பார்லி தேநீர் குடிப்பது, மூக்குக்கண்ணாடியைத் துடைப்பது எல்லாம் அதற்கு முன்பே முடிந்தாக வேண்டும். அந்த இருபதில் ஒரு நிமிடத்தைக்கூட அவர் யாருக்கும் தரமாட்டார்.

ஜப்பானின் ஷிசுஓகா நகரில் முப்பத்தெட்டு வருடம் பொய்ப்பல் கட்டியவர். பல் மருத்துவர்கள் வாயின் அச்சை அனுப்புவார்கள், இவர் பல்லை அனுப்புவார். யார் வாயில் போய் உட்கார்ந்தது என்று தெரியாது. நன்றாகச் செய்திருந்தால் அது பொய்ப்பல் என்றே எவருக்கும் தெரியக் கூடாது, அவ்வளவுதான் அந்தத் தொழிலுக்குக் கிடைக்கும் பெருமை. "நான் செஞ்சதெல்லாம் ஊரார் வாய்க்குள்ள கிடக்கு. இது நான் செஞ்சதுன்னு மேசை மேல வச்சுக் காட்ட ஒண்ணாவது வேணாமா?" என்பார். ஓய்வுக்காலத்துக்கென்று பதினோரு வருடம் முன்பே வாங்கி வைத்த பந்தயக் கார் மாடல் பெட்டியை, நடுக்குவாதம் என்று மருத்துவர் சொன்ன வாரத்தில்தான் பிரித்தார்.

முதல் மாடலாக அதை யாரும் தொடமாட்டார்கள். பிசினில் வார்த்த உடம்பு, வெள்ளீய இன்ஜின், காகிதம் போன்ற உலோகத் தகட்டில் சீட் பெல்ட் கொக்கி, ரப்பர் டயர். எதுவும் எதோடும் தானாகப் பொருந்தாது. அராவ வேண்டும், வைத்துப் பார்க்க வேண்டும், மறுபடி அராவ வேண்டும். "முதல்ல பிளாஸ்டிக்ல ஒண்ணு ரெண்டு செஞ்சு பழகுங்க, ஹமனோ-சான்" என்றார் மாடல் சங்கத்து நண்பர் ஒயாமா. பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர்.

"பழகுறதுக்கு எனக்கு ஏது நேரம்?"

கார் உடம்பைக் கையில் எடுத்ததும் பழைய பழக்கம் வந்துவிட்டது. பல்லில் கடுகளவு மேடு இருந்தாலும் போட்டவருக்குச் சோறு இறங்காது, அதனால் மேட்டைக் கண்டால் இவர் கை சும்மா இருக்காது. பல் அராவும் கருவியால் வழவழவென்று ஆக்கி, சங்கத்துக்குப் பெருமையாகக் கொண்டுபோனார். ஒயாமா திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரிவெட்டெல்லாம் எங்க?"

"எந்த ரிவெட்டு?"

"கதவைச் சுத்தி, கூரை ஓரத்துல, குட்டி ஆணித்தலை மாதிரி. நாப்பத்திரண்டு இருக்கணுமே."

"அதா... வார்ப்புப் பிசிறுன்னு நினைச்சு எடுத்துட்டேன்."

சங்கமே சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் அந்தக் காரைத் தொடவில்லை.

நாற்பத்திரண்டு துளையிட்டு, ஒவ்வொன்றிலும் கடுகில் பாதி அளவுள்ள உலோக ரிவெட்டைப் பதிப்பதுதான் ஒரே வழி. துளையிட்டுச் சிவப்பு வண்ணம் அடிக்கும்வரை கை சொன்னபடி கேட்டது. மார்ச் கடைசி வாரம் நாளுக்கு இரண்டு ரிவெட்டு, ஏப்ரல் தொடக்கத்தில் ஒன்று. பிறகு ஒன்றுமில்லாத நாட்கள் வந்தன. மருத்துவர் மாத்திரையைக் கூட்டியும் பயனில்லை. கீழே விழும் ரிவெட்டுகளை மனைவி சுமியே டார்ச்சும் கையுமாக முழங்காலில் தவழ்ந்து தேடித் தருவாள். "இன்னைக்கு எத்தனை?" என்று கேட்பதை அவள் நிறுத்திவிட்டாள். ஆயுளெல்லாம் சோறு போட்ட கை இப்படி எதிரியாகிப் போனதை என்னவென்று சொல்வது?

"ஒயாமா-சான்கிட்ட குடுங்களேன். ஒரு மணி நேரத்துல போட்டுடுவார்."

"அவர் போட்டா அது அவர் செஞ்ச காரு."

மாடல் சங்கத்தின் மே மாதக் கண்காட்சிக்கு ஆறு நாள். பத்தொன்பது துளை பாக்கி. ஞாயிற்றுக்கிழமை ஒயாமாவை வரச் சொன்னார்.

"நான் பிடிச்சுக்கறேன். நீங்க போடுங்க. அப்ப ரெண்டு பேரும் செஞ்சதாகும்."

ஒயாமா இடுக்கி நுனியில் ஒரு ரிவெட்டை எடுத்துக் குனிந்தார். ஹமனோவின் கையில் கார் அசைந்தது. துளை ஒரு பக்கம் போனது, மறுபக்கம் வந்தது. வலது கையின் மேல் இடது கையை வைத்து அழுத்தினார். இரண்டும் சேர்ந்து ஆடின. ஒயாமா இடுக்கியைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தார்.

ஹமனோ காரை மேசையில் விரித்த துண்டின் மேல் ஒயாமா பக்கமாக நகர்த்தி வைத்தார். பிறகு இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகி, அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டார்.